ஈஸ்ட் பூஞ்சைத் தொற்று: கண்டறிவது முதல் திரும்ப வராமல் தடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையின் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலும் அரிப்புக்கு ‘ஒரு டியூப்’ கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இல்லாமல் எந்த மருந்துக் கடையும் ஒரு நாளை முடிப்பதில்லை. வெள்ளைப்படுதலோடு வரும் அரிப்பு, தொடையிடுக்கில் எரிச்சல், கைக்குழந்தையின் நாக்கில் படியும் மாவு, மீன் கழுவும் கைகளின் விரலிடுக்கில் வெந்துபோகும் தோல் ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொல்லைகளாகத் தோன்றினாலும், இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஈஸ்ட் எனப்படும் ஒற்றைச் செல் பூஞ்சைகள்தாம். எந்த இடத்தில் என்ன அறிகுறியைப் பார்ப்பது, எதைச் சந்தேகிப்பது, எந்தப் பரிசோதனையைக் கேட்பது, மருந்தை எப்படிப் பயன்படுத்துவது, எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்வது என்பவற்றை வரிசையாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இதில் ஒரு கருத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்த விரும்புகிறேன். இந்தப் பூஞ்சை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து தாக்குவதில்லை. நம் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் ஏற்கெனவே அமைதியாகக் குடியிருப்பதுதான். உடலில் ஏதோ ஒன்று மாறும்போதுதான் அது நோயாகிறது. ஆகவே பூஞ்சையைக் கொல்லும் மருந்து பாதி வைத்தியம் மட்டுமே. அதை வளரவிட்ட காரணத்தைத் தேடிப் பிடிப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்யாதவர்கள்தாம் மாதாமாதம் அதே கடைக்குத் திரும்பிச் செல்கிறார்கள்.

கிருமியைப் பற்றிச் சிறிது

மனிதர்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்றுகளில் முதன்மையானது கேண்டிடா ஆல்பிகன்ஸ். பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் பிலிப் ரோபன் 1853-இல் இதற்கு ‘ஆல்பிகன்ஸ்’ என்ற பெயரைத் தந்தார். கேண்டிடா என்ற பேரினப் பெயர் 1923-இல் வந்தது. சுமார் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள இந்தச் செல், நம் இரத்தச் சிவப்பணுவைவிடச் சற்றே சிறியது. தாய்ச் செல்லின் ஓரத்தில் மொட்டு விட்டுப் பெருகுவது இதன் வழக்கம். சூழல் சாதகமாக மாறும்போது, உருண்டையாக இருந்த அதே செல் நீண்ட இழையாக உருமாறித் தோலின் மேலடுக்குக்குள் ஊடுருவுகிறது. அந்த இழைகள் திசுவைச் சேதப்படுத்தும் ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கின்றன. கேண்டிடாலைசின் என்னும் அந்தப் புரதம் 2016-இல்தான் அடையாளம் காணப்பட்டது. எரிச்சலும் சிவப்பும் வீக்கமும் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆல்பிகன்ஸின் உறவினர்களான கிளப்ராட்டா, ட்ராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ், க்ரூசே ஆகியவையும் நோய் தருகின்றன. இந்த வேறுபாடு ஆய்வகத்துக்கு மட்டும் உரிய நுணுக்கம் அன்று. க்ரூசே இயல்பிலேயே ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு அடங்காதது. கிளப்ராட்டா அரைகுறையாகவே அடங்குவது. மாத்திரை போட்டும் குணமாகவில்லை என்றால் மாத்திரை போலி என்று முடிவு கட்டுவதற்கு முன், கிருமி எந்த இனம் என்று கேட்க வேண்டும். மலசீசியா என்ற இன்னொரு ஈஸ்ட் தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது. முதுகிலும் மார்பிலும் வரும் தேமலுக்கு அதுவே காரணம், தலைப்பொடுகிலும் அதற்குப் பங்கு உண்டு.

முதல் படி: இடத்தையும் அடையாளத்தையும் கவனியுங்கள்

பெண்ணுறுப்பில் வரும் தொற்றே மிகப் பரவலானது. பெண்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது வருகிறது. ஆகவே இதில் வெட்கப்படுவதற்கோ ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதற்கோ ஒன்றுமில்லை. கடுமையான அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் வெளித்தோலில் எரிச்சல், உறவின்போது வலி, சிவந்து வீங்கிய வெளிப்புறம், தயிர்த் திப்பி போன்ற கெட்டியான வெள்ளைக் கசிவு ஆகியவை இதன் அடையாளங்கள். கசிவில் நாற்றம் இருக்காது என்பது முக்கியமான குறிப்பு. ‘உடம்பு சூடு’ என்று சொல்லி மோரும் இளநீரும் குடித்துக் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். அவற்றைக் குடிப்பதால் தீங்கில்லை. ஆனால் பூஞ்சை அதனால் போவதில்லை, நாள்கள்தான் போகின்றன.

வாயில் வரும்போது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் படிகிறது. கைக்குழந்தையின் நாக்கில் இருப்பது பால் படிவா பூஞ்சையா என்று அறிய, சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி மெதுவாக ஒற்றிப் பார்க்கலாம். பால் எளிதில் வந்துவிடும். பூஞ்சைப் படலம் லேசில் வராது, வந்தாலும் அடியில் சிவந்த புண் தெரியும், சில நேரம் இரத்தம் கசியும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பெரியவர்களில் செயற்கைப் பல்செட்டை இரவிலும் கழற்றாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் இது வரும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத ஒரு பெரியவருக்கு வாயில் வெண்படலம் வந்தால், சர்க்கரையையும் எச்.ஐ.வி.யையும் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

தோல் மடிப்புகளில், அதாவது மார்பகத்தின் அடியில், தொப்பை மடிப்பில், தொடையிடுக்கில், குழந்தையின் டயப்பர் பகுதியில், பளபளவென்று சிவந்த திட்டு தோன்றும். அதன் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தள்ளிக் கடுகளவில் சிவப்புப் பொட்டுகள் சிதறியிருந்தால், அதுவே கேண்டிடாவின் நம்பகமான அடையாளம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களைப் போல, வியர்வை ஊறிய இருக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குத் தொடையிடுக்கு எளிதில் பாதிக்கப்படும். ஆண்களுக்கு ஆணுறுப்பின் முனையிலும் முன்தோலிலும் சிவப்பு, எரிச்சல், வெண்படிவு, முன்தோலில் வெடிப்பு ஆகியவை தோன்றுகின்றன. முன்தோல் வெடிப்போடு வரும் நடுத்தர வயது ஆணிடம் மருத்துவர் முதலில் சர்க்கரைப் பரிசோதனை கேட்பது காரணத்தோடுதான். பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்த அறிகுறியால்தான் தெரியவருகிறது.

விரல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் பகுதியின் வேலையோடு ஒட்டிய நோய். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஒரு பெண்ணின் கையைக் கவனித்துப் பாருங்கள். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறிய விரல்களில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையிலுள்ள தோல் வெள்ளையாக வெந்து, விளிம்பு உரிந்து, நடுவில் சிவந்த பச்சைப் புண்ணாக இருக்கும். அந்த இடைவெளி மற்ற விரலிடுக்குகளைவிட நெருக்கமானது. ஈரம் அங்கே உலர்வதே இல்லை. நகத்தைப் பார்த்தால், நகமும் தோலும் சேரும் இடத்தில் மெல்லிய முத்திரை போல ஒட்டியிருக்க வேண்டிய தோல்விளிம்பு காணாமல் போயிருக்கும். அந்த இடம் உப்பி, அழுத்தினால் வலித்து, சில நேரம் சீழ் எட்டிப் பார்க்கும். நகமும் மேடுபள்ளமாக வளர்ந்திருக்கும். இதை எல்லோரும் நகச்சுத்தி என்கிறார்கள். ஆனால் ஓரிரு நாளில் திடீரென வீங்கிச் சீழ் கோக்கும் நகச்சுத்தி பாக்டீரியாவால் வருவது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும் நகச்சுத்தி வேறு. பின்னதில் முதல் குற்றவாளி ஈரமும் சோப்புக் காரமும் இறாலின் முள்ளும் தோலில் ஏற்படுத்தும் சேதம். திறந்த வாசல் வழியாக ஈஸ்ட் பிறகு நுழைகிறது. பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், ஓட்டல் சமையலறையில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கும் இதே நிலைதான்.

தேமலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிர் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ மெல்லிய செதிலோடு வரும் திட்டுகள், வியர்வை மிகுந்த கோடையில் அதிகரிக்கும், அரிப்பு குறைவு. மருந்தால் பூஞ்சை செத்த பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதால், நிறம் வரவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை. செதில் நின்றுவிட்டதா என்பதையே பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ஈஸ்ட் அல்லாததைப் பிரித்தறியுங்கள்

தவறுகள் மிகுதியாக நடப்பது இங்கேதான். படர்தாமரையும் பூஞ்சைதான், ஆனால் அது ஈஸ்ட் அன்று. தோலில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்னும் வேறு வகைப் பூஞ்சை. அது வட்ட வளையமாகப் பரவும். வளையத்தின் ஓரம் மேடிட்டுச் செதிலோடும் அரிப்போடும் இருக்க, நடுப்பகுதி ஆறினதுபோல் தெரியும். தொடையிடுக்கில் வந்தால் விதைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடும்; கேண்டிடா விதைப்பையையும் சேர்த்துச் சிவக்க வைக்கும். மருந்தும் மாறுகிறது. க்ளோட்ரிமசோல் இரண்டுக்கும் வேலை செய்யும். நிஸ்டாட்டின் படர்தாமரைக்கு உதவாது. கிரிசியோஃபல்வின் ஈஸ்டுக்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வெள்ளைப்படுதலிலும் இதே எச்சரிக்கை தேவை. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை வீசும் கசிவு பாக்டீரியாச் சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்து வரும் கசிவு ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரலாம். அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் அரிப்போ வாடையோ இன்றி வரும் தெளிவான கசிவு நோயே அன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை. பருவமடையாத சிறுமிகளுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் குறைவாக இருப்பதால் அந்த இடத்தில் ஈஸ்ட் தொற்று அரிது. எனவே அவர்களுக்கு அரிப்போ கசிவோ இருந்தால் ஈஸ்ட் மருந்தை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுமிகளின் இரவு நேர அரிப்புக்குக் கீரைப்பூச்சி காரணமாக இருக்கலாம், முதியவர்களுக்கு இரத்தம் கலந்த கசிவு இருந்தால் அதன் பொருளே வேறு.

கலவை டியூபுகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குவதால் மக்கள் அதை நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். அடங்குவது அரிப்பு மட்டுமே; க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பை முடக்கிவிடுவதால், பூஞ்சை உள்ளே தடையின்றிப் பரவுகிறது. டியூபை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வெடிக்கிறது. சில மாதங்கள் தொடர்ந்தால் தொடையிடுக்கின் தோல் காகிதம் போல் மெலிந்து, நிரந்தரக் கோடுகள் விழுகின்றன. நோயின் வடிவமே மாறிப்போவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகிறது. வாங்கும்போது உறையைத் திருப்பி, பெயரில் ‘சோன்’ அல்லது ‘சால்’ என்ற ஒலியோடு முடியும் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மருத்துவர் எழுதித் தராமல் அவற்றை வாங்க வேண்டாம் என்பதை நான் கெஞ்சிக் கேட்கும் அளவுக்கு வலியுறுத்துகிறேன்.

மூன்றாம் படி: ஏன் வந்தது என்று தேடுங்கள்

முதலில் கேட்க வேண்டியது சர்க்கரை. இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தால் ஈஸ்டுக்கு உணவும் கிடைக்கிறது, அதைத் தின்று அழிக்கும் வெள்ளணுக்களின் திறனும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள்; மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு காரணம் புதிதாகப் பெருகி வருகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் நல்ல மருந்துகள்தாம் என்றாலும், அந்தச் சிறுநீர் படும் இடத்தில் ஈஸ்ட் செழிக்கிறது. இந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு அரிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது ஆன்டிபயாடிக். சளிக்கும் தொண்டைவலிக்கும் தேவையில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக், ஈஸ்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் லாக்டோபேசில்லஸ் முதலிய நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் பெண்ணுறுப்பின் செல்களில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை கூடி, தொற்று எளிதாகிறது. ஸ்டீராய்டு மாத்திரைகள், புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. ஆகியவை நோய் எதிர்ப்பைக் குறைக்கின்றன. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ‘நாட்டு மருந்து’ என்று விற்கப்படும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி எதையாவது சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

ரொட்டியும் இட்லியும் புளித்த மாவும் சாப்பிடுவதால் இந்த நோய் வருவதில்லை. சமையல் ஈஸ்ட் வேறு, கேண்டிடா வேறு. எனவே தோசையை விட்டுவிட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

நான்காம் படி: பரிசோதனை

முதல் முறை வந்து, அறிகுறிகளும் தெளிவாக இருந்தால் மருத்துவர் பார்த்தே முடிவு செய்வார். மருந்துக்கு அடங்காதபோதும், திரும்பத் திரும்ப வரும்போதும் பரிசோதனை அவசியம். ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவையோ, பெண்கள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையையோ அணுகலாம்.

பரிசோதனை எளிமையானது. கசிவையோ சுரண்டி எடுத்த செதிலையோ கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடுவார்கள். சில நிமிடங்களில் தோல் செல்கள் கரைந்து மங்கிவிட, பூஞ்சையின் செல்சுவர் மட்டும் கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் மொட்டு விட்ட முட்டை வடிவச் செல்களும், கணுக்கணுவாக இறுகிய போலி இழைகளும் தெரிந்தால் அது ஈஸ்ட். பெண்ணுறுப்பின் அமிலத்தன்மையையும் ஒரு காகிதப் பட்டையால் பார்க்கலாம்: ஈஸ்ட் தொற்றில் பி.எச். அளவு இயல்பான 4.5-க்குள்ளேயே இருக்கும், அதைத் தாண்டினால் பாக்டீரியாவையோ ட்ரைக்கோமோனாஸையோ சந்தேகிக்க வேண்டும்.

இனத்தை அறிய, பூஞ்சை வளர்ப்பதற்கான சபுரோ ஊடகத்தில் மாதிரியை வளர்ப்பார்கள். ஓரிரு நாளில் வெண்ணெய் நிறத்தில் மென்மையான திட்டுகள் எழும். அதில் சிறிதளவை மனித இரத்தச் சீரத்தில் கலந்து 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால், ஆல்பிகன்ஸ் மட்டும் பெரும்பாலும் முளை விட்டுக் குழாய் போல் நீளும். கிளப்ராட்டாவும் க்ரூசேவும் நீளாது. நிறம் காட்டும் ஊடகமும் உண்டு. அதில் ஆல்பிகன்ஸ் பச்சையாகவும் ட்ராபிகாலிஸ் நீலமாகவும் க்ரூசே இளஞ்சிவப்பாகவும் வளரும். பரிசோதனைக்குச் செல்வதற்கு முன் சில நாள்கள் களிம்போ மஞ்சளோ பூசாமல் இருங்கள். மஞ்சளின் கறை சிவப்பை மறைத்துவிடும்; களிம்பு மாதிரியில் பூஞ்சை கிடைக்காமல் செய்துவிடும்.

ஐந்தாம் படி: மருந்து

1950-இல் நியூயார்க்கின் எலிசபெத் லீ ஹேசனும் ரேச்சல் புல்லர் பிரவுனும் பண்ணை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாட்டினைப் பிரித்தெடுத்ததோடு ஈஸ்டுக்கான நவீன மருத்துவம் தொடங்கியது. இன்று பெரும்பாலும் பயன்படுபவை ஃப்ளூகோனசோல், க்ளோட்ரிமசோல் போன்ற அசோல் வகை மருந்துகள். கீழே உள்ள அளவுகள் மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் புரிந்துகொள்வதற்கானவை. சீட்டுக்கு மாற்று அல்ல.

சிக்கலற்ற பெண்ணுறுப்புத் தொற்றுக்கு 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் ஒரே ஒரு மாத்திரை, அல்லது க்ளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரை ஒரு வாரம் இரவில் ஒன்று என்பது வழக்கம். இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றே. மாத்திரை விழுங்கிய மறுநாளே அரிப்பு நின்றுவிடாது; இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்பதால் இரண்டாம் நாளே இன்னொன்று விழுங்க வேண்டாம். உள்வைப்பு மாத்திரையை இரவு படுக்கும்போது வைத்தால்தான் வெளியே வழியாது. இடையில் அரிப்பு நின்றாலும் சொன்ன நாள்கள் முழுவதும் வைக்க வேண்டும். அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் ஆணுறைகளைப் பலவீனப்படுத்தலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கணவருக்கு அறிகுறி இல்லையென்றால் அவருக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. இது பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை.

கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலை விழுங்கக் கூடாது. அவர்களுக்கு 7 நாள் உள்வைப்பு மருந்துதான் பாதுகாப்பானது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு ஃப்ளூகோனசோல் இரத்தக் கசிவு ஆபத்தை உயர்த்தும். க்ளிமெபிரைடு, க்ளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவதே இதற்கு எளிய வழி.

குழந்தையின் வாய்க்கு நிஸ்டாட்டின் சொட்டு மருந்தோ க்ளோட்ரிமசோல் வாய்ப்பூச்சோ தருவார்கள். பால் கொடுத்த பிறகு பூச வேண்டும். படலம் மறைந்த பின்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். கெட்டியான ஜெல் மருந்து மிகச் சிறிய குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதால், அதை மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. தாயின் முலைக்காம்பு எரிந்து சிவந்திருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை. பால்புட்டிக் காம்பைத் தினமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள்.

பூண்டு, தயிர், வேப்பிலை விழுது ஆகியவற்றை உறுப்பினுள் வைப்பதும், கிருமிநாசினித் திரவத்தை நீரில் கலந்து உள்ளே கழுவுவதும் புண்ணைப் பெரிதாக்கும். நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும்.

ஆறாம் படி: ஈரத்தை விரட்டுங்கள்

கடற்கரையோரக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருக்கும் இந்தப் பகுதியில் இது எளிதன்று என்பதை அறிவேன். ஆனாலும் சில பழக்கங்கள் நம் கையில் இருக்கின்றன. உள்ளாடைகளை மற்றவர் பார்வையில் படாமல் புடவைக்கு அடியிலோ குளியலறைக்குள்ளோ காயப்போடுவது நம் வீடுகளில் பழகிப்போனது. அந்தத் துணி உலர்வதேயில்லை, ஈரம் மிச்சமிருக்கும்போதே மறுபடி உடுத்துகிறோம். அவற்றை மொட்டைமாடி வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கிய பிறகு உடுத்துங்கள். இறுக்கமான நைலான் லெக்கிங்ஸை வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். குளித்த பின் மடிப்புகளைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தின் மேல் புட்டாமாவைக் கொட்டினால் அது களியாகி மடிப்பிலேயே தங்கித் தோலை உராயும்.

கை வேலை செய்பவர்கள் மெல்லிய பருத்திக் கையுறையை உள்ளே அணிந்து, அதன் மேல் ரப்பர் கையுறை போட வேண்டும். ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையே விரலை ஊறவைக்கும். உள்ளுறை நனைந்தால் மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு மூன்று ஜோடிகள் தேவைப்படும். நகத்தின் தோல்விளிம்பை வெட்டவோ தள்ளவோ கூடாது. நாள்பட்ட நகச்சுத்தி ஆறி, அந்தத் தோல்விளிம்பு மறுபடி வளர்ந்து ஒட்டச் சில மாதங்கள் ஆகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. துறைமுகத்தில் வேலை குறையும் அந்த நாள்களே விரல்களுக்குச் சிகிச்சையைத் தொடங்க ஏற்ற காலம். தடைக்காலத்தில் விரல் தானாகத் தேறி, படகுகள் கடலுக்குப் போனதும் மறுபடி மோசமானால், உங்கள் நோய்க்குக் காரணம் எது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏழாம் படி: திரும்பத் திரும்ப வந்தால்

ஓராண்டுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ பெண்ணுறுப்புத் தொற்று வந்தால் அது தனி வகையாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஒற்றை மாத்திரை விழுங்குவது இதற்குப் போதாது. வளர்ப்புச் சோதனையில் ஆல்பிகன்ஸ் என்று உறுதியானால், முதலில் மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று ஃப்ளூகோனசோல் மாத்திரை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் என்பது நிலைபெற்ற முறை. மருந்தை நிறுத்திய பின் சிலருக்கு மீண்டும் வரலாம். அது உங்கள் தவறன்று, மறுபடி மருத்துவரிடம் செல்வதற்கான காரணம் மட்டுமே. கிளப்ராட்டாவாக இருந்தால் வேறு வழி தேவை. 600 மில்லிகிராம் போரிக் அமில உள்வைப்பு 14 நாள்களுக்கு எழுதித் தரப்படுவதுண்டு. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரை எடுத்து நாமே முயலக்கூடிய காரியம் அன்று அது. விழுங்கினால் போரிக் அமிலம் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த டப்பாவே பூட்டி வைக்க வேண்டிய பொருள்.

இந்த நிலையில் மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் எச்.ஐ.வி.யையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு இரகசியமாகக் காக்கப்படும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், அதுவும் வாயில் வெண்படலம் இருப்பவருக்கு வலித்தால், பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அது நோய் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்ததன் அறிகுறி. அரிப்போடு அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் ஈஸ்ட் என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு நாள்கணக்கில் தலைவலியும் காய்ச்சலும் நீடித்தால், புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்னும் வேறொரு ஈஸ்ட் மூளையுறையைத் தாக்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு, கழுத்து இரத்தக் குழாயில் செருகிய குழாய் வழியாகக் கேண்டிடா இரத்தத்தில் கலப்பதுண்டு. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் அடங்காதபோது மருத்துவர்கள் இரத்த வளர்ப்புச் சோதனை செய்து, கேஸ்போஃபஞ்சின் வகைப் பூஞ்சை மருந்தைத் தொடங்கிக் குழாயையும் மாற்றுவார்கள். உயிரிழப்பு அதிகமுள்ள நிலை இது. 2009-இல் ஜப்பானில் ஒரு பெண்ணின் காதிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இப்போது இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் மருத்துவமனைகளில் காணப்படுகிறது. பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத இதை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் சேர்த்தது. இது கட்டில் கம்பியிலும் மேசையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து கைகள் வழியாகப் பரவுவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரைப் பார்க்கச் செல்பவர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஆல்கஹால் கைகழுவியை இரண்டு கைகளிலும் விரலிடுக்கு வரை தேய்த்து உலரவிட வேண்டும். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு செல்வது இன்னும் நல்லது.